கைக்கு எட்டிய பூக்கள்

பெட்டிக்கு அளவெடுக்க வந்த செல்லசாமி ஆசாரி, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். ராஜபாய் ஈரத்துணியை எடுத்து, புருஷனின் வலது கையைத் துடைப்பதற்காக மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். ஐந்து மாதமாக அசையாத கை. பங்குனியில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன நாளிலிருந்து அவள்தான் அதைத் தூக்குவாள், கழுவுவாள், திரும்ப இருந்த இடத்தில் வைப்பாள். இன்றைக்கு அந்தக் கையின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மஞ்சள் பொடி அப்பியிருந்தது.

வெந்நீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு சத்யபாமாவும் அதைப் பார்த்துவிட்டாள். செம்பிலிருந்து பாதி வெந்நீர் தரையில் கொட்டியது.

"எண்டெ பகவதியே! அக்கா, அது பூந்தூளு அல்லே? கொழும்புக்கொடிக்க பூந்தூளு!"

"சந்தனம்."

"வேதக்காரரு, கிறிஸ்தியானி வீட்டில ஏது சந்தனம்?"

"செம்பைக் கீழ வையி, சத்யபாமா. வாயையும் கூடச் சேத்து வையி."

செல்லசாமி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று அகலத்தை அளக்கத் தொடங்கினான். ராஜபாய் பொடியைத் துடைக்கவில்லை. விரல்களை முன்போல மடக்கிப் போர்வைக்குள் வைத்துவிட்டாள்.

இன்னொன்றும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, கையை விலாப்பக்கம் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் அழுக்குத்துணி அலச ஓடைக்குப் போனாள். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது ஆள் போய்விட்டார். கண்கள் மூடியிருந்தன. கை நெஞ்சின் மேல் இருந்தது. யார் எடுத்து வைத்தது?

சுந்தரதாஸ் சாருக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கார் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் உத்தியோகத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் இலங்கையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து, கொழும்பு வழியாகத் திரும்பினார். போனவர்கள் எல்லாம் சங்கிலியும் கடிகாரமுமாக வந்தால், இவர் மூக்குப்பொடி டப்பியில் கொஞ்சம் விதை கொண்டுவந்தார். அங்கே அதைக் கொடித்தோடை என்பார்களாம். துரைமார் பாஷன் புரூட் என்பார்களாம். கொழும்பிலிருந்து வந்ததால் இந்த ஊருக்கு அது கொழும்புக்கொடி. முளைத்தது இரண்டே இரண்டு. ஒன்று இந்த வீட்டுப் படுக்கையறை ஜன்னலோரம். மற்றது ஓடைக்கு அப்புறம், தம்பி ராஜதாஸின் முற்றத்தில். இங்கே ஜன்னலோரம் குழி எடுக்கும்போது மண்வெட்டி காலில் விழுந்து ராஜதாஸின் இடது கால் சுண்டுவிரல் போயிற்று. அதற்கும் சிரித்தவன் அவன்.

இரண்டு வருஷம் கொடி படர்ந்தது, பூத்தது, ஒரு காய் பிடிக்கவில்லை. மலட்டுக்கொடி, வெட்டி எறி என்றார்கள். பிள்ளையில்லாத வீட்டில் வந்து நின்று அந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வந்தது என்று ராஜபாய்க்கு இப்போதும் கணக்கு உண்டு. பிறகு இலங்கைக் கூட்டாளி ஒருவர் கடிதத்தில் எழுதினார்: இந்த மஞ்சள் ஜாதிக்குத் தன் பூந்தூள் தனக்குப் பிடிக்காது. வேறொரு கொடியின் தூள் வேண்டும். பூ மத்தியானம் விரியும், பொழுது சாயும் முன் கூம்பிவிடும். அதற்குள் தொட வேண்டும்.

அன்றிலிருந்து பதினைந்து வருஷம், பூக்கும் காலமெல்லாம், மத்தியானம் ஆனால் ராஜதாஸ் தன் கொடியில் நாலு பூ பறித்துச் சேம்பிலையில் பொதிந்து, ஓடையின் தென்னந்தடிப் பாலம் தாண்டி வந்துவிடுவான். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அண்ணன் இங்கிருந்து பூவோடு அங்கே போவார். விரலில் தூளை ஒற்றி, பூவின் நடுவில் நிற்கும் மூன்று குமிழிலும் தடவ வேண்டும். தொட்டு எழுபதாம் நாள் பழம் தானாக விழும். பறிக்கவே கூடாது. விழுந்ததையும் உடனே தின்னக்கூடாது. தோல் சுருங்க வேண்டும். சுருங்கினதைப் பார்த்து அழுகிப்போச்சு என்று குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. வெட்டினால் அல்லவா தெரியும், உள்ளே பொன்போலச் சாறும் கறுத்த விதையும். ராஜபாய் கருப்பட்டிப்பாகு விட்டு சர்பத்து கலக்குவாள். ராஜதாஸுக்கு அதெல்லாம் வேண்டாம். உப்பும் மிளகுபொடியும் தூவி, விதையைக் கறுக் கறுக்கென்று கடித்து, "மைனி, இதுக்கு முன்னால மாம்பழமெல்லாம் சும்மாவாக்கும்" என்பான். சரியாகத் தொடாத பூவில் பிடித்த காய் மட்டும் உள்ளே சாறில்லாமல் வெறும் கூடாக இருக்கும். அதைத் தூக்கிப் பார்த்தே அவன் சொல்லிவிடுவான்.

அப்படி இருந்தவர்கள்தான். இந்தப் பாழாய்ப்போன எல்லைப் போராட்டம் வந்தது. தமிழ் பேசுகிற தாலுகாவெல்லாம் மலையாளச் சர்க்காரை விட்டு மதராஸோடு சேர வேண்டும் என்று ராஜதாஸ் கொடி பிடித்தான், ஊர்வலம் போனான், ஐம்பத்துநாலில் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. ஜாமீனுக்கு ஆள் வேண்டும். ராஜபாய் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகப் புருஷனை ஸ்டேஷனுக்கு அனுப்பினாள். உள்ளே தம்பி, உதடு கிழிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இன்ஸ்பெக்டர் கேட்டார், சாருக்கு இவன் யார் என்று. சர்க்கார் உத்தியோகம் போய்விடுமே என்று சாருக்குப் பயம். மலையாளத்தில் சொன்னார்: "எனிக்கு இயாளெ அறிஞ்ஞுகூடா."

தெரியாதாம். கூடப்பிறந்தவனை.

நாலு மாதம் கழித்து வெளியே வந்த ராஜதாஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் நிற்கும்போது, வேதபுத்தகத்தின் மேல் கை வைத்தான். "இவரு உயிரோட இருக்கியவரை இவருக்க படி மிதிக்கமாட்டேன். இவரிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன். கர்த்தர் சாட்சி." பூவும் நின்றது, பழமும் நின்றது. போன வருஷம் கொடி முழுக்கப் பூத்துக் கொட்டியது, ஒரு பிஞ்சு இல்லை.

ஆனால் இந்த வருஷம் பிடித்தது. அதுதான் ராஜபாயின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே சருகின் மேல் டப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மஞ்சள் பழம். அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலைச் சுற்றிக் காய், குலைகுலையாக. பந்தலின் மற்ற இடத்திலெல்லாம் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு என்ன தோன்றியதோ, உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கையை மரக்கம்பிக்கு இடையே வெளியே நீட்டினாள். எல்லாக் காயும் எட்டியது. கடைசிக் காயை நடுவிரல் நுனி தொட்டது. அதற்கப்பால் காயே இல்லை. திரும்பினால், படுத்திருந்தவர் ஒரு பக்க வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் வேதபுத்தகத்தை அவர் தலையணைக்கு அடியில் வைத்தாள். அந்த வலது கையைத் தொடும்போதெல்லாம் அது தன்னை ஏமாற்றுவதாகத் தோன்றியது. ஒருநாள் ஓடைக்குப் போகிறவள்போலப் போய்ப் பாதி வழியில் திரும்பி, கதவுக்குப் பின்னால் பதுங்கி நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சத்யபாமாவிடம் மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "ஆத்மாவு இறங்கி நடக்குதாக்கும் அக்கா, சில பேருக்கு உண்டு" என்றாள் அவள். நல்ல ஆறுதல்!

உபதேசியார் ராபின்சன் மூன்று மணிக்கு வந்தார். ஆறு மணிக்குள் அடக்கம் என்று முடிவாயிற்று. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"முதல் பிடி மண்ணு ஆரு போடுதது, ராஜபாய்?"

"அவருக்க தம்பி."

பிள்ளை இல்லாதவனுக்கு உடன்பிறந்தவன்தான் முதல் மண் போட வேண்டும், இல்லாவிட்டால் குழி மழைக்குத் தாழ்ந்துகொண்டே இருக்கும் என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. உபதேசியார் அதை அஞ்ஞானம் என்று பிரசங்கம் செய்வார். ஆனாலும் தன் தகப்பனுக்கு அவரே முந்திக்கொண்டுதான் போட்டார். ராஜபாய்க்குக் குழி தாழ்வதைப் பற்றிக்கூடக் கவலையில்லை. படுக்கையில் கிடந்தவர், கோணின வாயால், எச்சில் ஒழுக, எத்தனை தரம் கேட்டார்: "மண்ணு... தாசு... தாசு." தம்பியை அவர் தாசு என்றுதான் கூப்பிடுவார். செய்த பாவத்துக்கு அவருக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் அதுதான், அதையாவது வாங்கிக் கொடுக்காமல் புதைக்கப்போவதில்லை என்று அவள் நெஞ்சுக்குள் முடிவு செய்திருந்தாள்.

"அவன் சத்தியம் செய்தவனல்லே" என்றார் உபதேசியார்.

"உயிரோட இருக்கியவரை எண்ணுதான் செய்தான். உயிரு போயாச்சு. சத்தியமும் போயாச்சு. ஆளை அனுப்புங்க."

பலகை எடுக்கப் போகிற வழிதான் என்று செல்லசாமி போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். முகம் சரியில்லை.

"சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தாரு. தலையைக்கூட ஆட்டல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தான். "கழுத்தில மாலை கிடக்குது."

"என்ன மாலை?"

"செவந்திமாலை. பெரிசு. மதராஸோட சேருத பில்லில ஒப்பு விழுந்தாச்சு எண்ணு பேப்பரில வந்துதல்லே. ஜெயிலுக்குப் போனவங்களையெல்லாம் இண்ணு ஜங்ஷனில நாற்காலி போட்டு இருத்தி மாலை போட்டாங்களாம். வெடியும் உண்டும்."

முற்றம் கொதித்துவிட்டது. அண்ணன் பிணம் கிடக்க மாலையா என்றார்கள். இவன் மனுஷனா என்றார்கள். ராஜபாய் எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அழுகை வந்தது. அழுவதைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. யாரை உதைப்பது என்று தெரியாத ஆத்திரம்.

ஜன்னலுக்கு வெளியே கொடி, தன்பாட்டுக்கு, விரிந்து நின்றது. வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கள், நெடி மூக்கில் ஏறியது. அவள் கிட்டே போனாள். ஜன்னல் கம்பியை ஒட்டி நாலைந்து பூ. அவற்றின் நடுக்குமிழில் மஞ்சள் தூள் தடவியிருந்தது. குனிந்து கீழே பார்த்தாள். கூரைத் தண்ணீர் விழுந்து பாசி பிடித்த நிலம். அந்தப் பாசியில், ஜன்னலுக்கு நேரே, இரண்டு இடம் மட்டும் பாசியில்லாமல் தேய்ந்து, பாதத்தின் வடிவில் குழிந்திருந்தது. ஒருநாள் இருநாள் நின்ற தேய்வல்ல. அவள் தன் காலை அதில் வைத்துப் பார்த்தாள். பெரிய கால், ஆண்பிள்ளைக் கால். இடது குழியில் நாலு விரல் பதிந்திருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பாசி அப்படியே இருந்தது.

ராஜபாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெட்டி வராத வீட்டை, பிணத்தை, ஊரை, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடையைப் பார்த்து நடந்தாள். "அக்கா, எங்க போறிய? அக்கா!" என்று சத்யபாமா கத்தியது பாலம்வரைக்கும் கேட்டது.

ராஜதாஸ் தன் வீட்டு வாசலில், சுவரோடு சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தான். மாலை இப்போதும் கழுத்தில் கிடந்தது. கழற்ற மறந்தவனுடைய முகம் அது, மாலைக்காகச் சந்தோஷப்படுகிறவனுடைய முகமல்ல. பக்கத்தில் ஒரு சேம்பிலைப் பொதி.

"எத்தற நாளாட்டு வாற?" என்றாள். நல்லது கெட்டது ஒன்றும் கேட்கவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "சித்திரையில இருந்து. நீங்க துணி அலச இறங்குதது இஞ்ச இருந்தா தெரியும். அப்ப வருவேன்."

"பேசினியா?"

"இல்ல. சத்தியம் உண்டல்லே. படியும் மிதிக்கல்ல. வெளியில நிண்ணு, கம்பிக்குள்ள இருந்து அவருக்க கையைப் பிடிச்சு இழுத்து, விரலில தூளு ஒற்றி, பூவில வைப்பேன். அவரு பாத்துக்கொண்டு கிடப்பாரு. அவ்வளவுதான், மைனி. முடிஞ்சா கையை உள்ள வச்சிட்டு, விரலைத் துடைச்சிட்டு வந்துருவேன்."

"துடைச்சிட்டு."

"ம்."

"இண்ணு துடைக்கல்லியே, தாசு."

ஜங்ஷனில் பிடித்து உட்கார்த்திவிட்டார்கள் என்றான். மாலை, பேச்சு, வெடி. எழுந்தால் இருத்துகிறார்கள். பூ விரிந்து ஒரு மணிக்கூறு கழிந்துதான் வர முடிந்தது. ஓடிப் போய்ப் பூப் பறித்து ஓடி வந்தானாம்.

"நான் வரும்ப கை வெளிய கிடக்குது, மைனி."

"எந்தக் கை?"

"விழுந்த கை. கம்பிக்கு வெளிய, தோளுவரை நீட்டினபடி. விரலெல்லாம் தூளு. பக்கத்தில உள்ள பூவெல்லாம் தொட்டாச்சு. நான் மூஞ்சியைப் பாத்தேன். கண்ணு திறந்து, நான் வாற வழியைப் பாத்தபடி. கூப்பிட்டேன். அண்ணா, அண்ணா எண்ணு கூப்பிட்டேன். சத்தியம் தீயில போகட்டும்! குளுந்து போயிருந்துது. நான்தான் கண்ணை மூடினேன். கையை உள்ள எடுத்து வச்சேன். பிறகு ஓடி வந்துட்டேன்."

ராஜபாய் அவன் எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஐந்து மாதம் அவள் தூக்கினால் தூக்கின இடத்தில் விழுகிற கை. அது எப்படி எழுந்தது, யார் எழுப்பியது, உயிர் இருக்கும்போதா போனபிறகா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் அதே கேள்விதான் முகத்தில் நின்றது.

"இந்தா" என்று சேம்பிலைப் பொதியைத் தள்ளினான். "எனக்க பூ இதிலதான் இருக்கு. ஒண்ணுகூட எடுக்கல்ல. அவரு தொட்டது அவருக்க பூவை அவருக்க பூந்தூளு வச்சாக்கும். அது பிடிக்காது. அவருக்கே தெரியும் பிடிக்காது எண்ணு. நான் வரமாட்டேன் எண்ணு நினைச்சாரு, மைனி. மாலைக்காக வராம இருந்துட்டேன் எண்ணு."

"எழும்பு. வந்து மண்ணு போடு."

"எனக்கு யோக்கியதை இல்ல."

"அவருக்கு உண்டுமா யோக்கியதை? ஸ்டேஷனில என்ன சொன்னாரு?" அவள் குரல் உயர்ந்தது. "ரெண்டு பேருக்கும் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் நடுவில அகப்பட்டு நான் நாறினதுதான் மிச்சம். வந்தா வா, வராட்டா இஞ்சயே மாலையும் போட்டுக்கொண்டு இரி. ஆறு மணிக்கு அடக்கம்."

எழுந்து திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

பெண்கள் கல்லறைத்தோட்டத்துக்குப் போகிற வழக்கம் சபையில் இல்லை. வாசலோடு நின்றுவிடுவார்கள். ராஜபாய் உள்ளே போனாள், தடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். உபதேசியார் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"முதல் பிடி மண்ணு போட, ரத்த சொந்தம் ஆரெங்கிலும் உண்டுமா?"

யாரும் அசையவில்லை. குழிவெட்டி மண்வெட்டியை மாற்றிப் பிடித்தான். ராஜபாய் வேலிப்பக்கம் பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உபதேசியார் தொண்டையைச் செருமி, தானே போட்டுவிடலாம் என்று குனிந்தார்.

"நான் போடுதேன்."

கால்முட்டுவரைக்கும் நனைந்து, கையில் இலைப்பொதியோடு, ராஜதாஸ் கல்லறைகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தான். கழுத்தில் மாலை இல்லை. குழியின் தலைமாட்டில் வந்து நின்றான். உபதேசியாரைப் பார்க்காமல், சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்து, ஸ்டேஷனுக்குக் கேட்கிறமாதிரி சத்தமாகச் சொன்னான்:

"இது எனக்க அண்ணனாக்கும். சொந்த அண்ணன்."

பிறகு இலையைப் பிரித்தான். பூக்கள் பாதி கூம்பியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பெட்டியின் மேல் போட்டு, அதன் மேல் மண்ணைப் போட்டான். பலகையில் மண் விழுந்த சத்தம், ஜன்னலுக்கு வெளியே பழம் விழுகிற சத்தம்தான். ராஜபாய் அப்போதுதான், அன்றைக்கு முதல்தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் ஜன்னலோரம் போனாள். தொடாத பூ மறுநாள் உதிர்ந்துவிடும், பிடிக்காத பூவும் உதிர்ந்துவிடும். முந்தின நாள் பூக்களில் மூன்று உதிரவில்லை. அடியில் மிளகளவு பச்சை தெரிந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தையல்பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துவந்து, மூன்று காம்பிலும் அடையாளம் கட்டினாள். ராஜதாஸிடம் சொல்லவில்லை. அவன் மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்தான், படி மிதித்து உள்ளே வந்து உட்கார்ந்தான், ஆனால் ஜன்னல்பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகு பூவோடு அவன் வரவும் இல்லை. பழைய காய்களெல்லாம் ஐப்பசிக்குள் ஒவ்வொன்றாக விழுந்து தீர்ந்தன. கறுப்பு நூல் கட்டின மூன்று மட்டும் நின்று பெருத்தன.

நவம்பர் ஒன்றாம் தேதி ஓடைக்கு அப்புறம் மதராஸ் ஆயிற்று, இப்புறம் கேரளா ஆயிற்று. இரண்டு கரையிலும் மிட்டாய் கொடுத்தார்கள். பத்துநாள் கழிந்து, எழுபதாம் நாள் மத்தியானம், ராஜபாய் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, வெளியே டப்பென்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதற்கு அவள் காத்துக்கொண்டிருந்தாள், அதுவும் விழுந்தது.

தோல் சுருங்கும்வரை ஐந்து நாள் வைத்திருந்து, மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்கத் தென்னந்தடிப் பாலத்தில் புதிதாக ஒரு போலீஸ்காரனை நிறுத்தியிருந்தார்கள். மடியை அவிழ்க்கச் சொன்னான்.

"இது சீஞ்ஞதாணல்லோ, அம்மச்சீ" என்று அழுகலைக் கண்டவன்போல மூக்கைச் சுளித்து, போகச் சொன்னான்.

"உனக்கு என்ன தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே பாலம் தாண்டினாள்.

ராஜதாஸ் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கொடி மத்தியான வெயிலில் விரிந்து நின்றது, கீழே தொடாத பூக்கள் உதிர்ந்து கிடந்தன. ராஜபாய் மூன்று பழத்தையும் அவன் முன்னால் வைத்தாள். அவன் காம்பில் கிடந்த கறுப்பு நூலைப் பார்த்தான்.

"என்ன மைனி இது?"

"அவரு போன அண்ணைக்குள்ளது."

அவன் கயிற்றைக் கீழே வைத்தான். அவளைப் பார்த்தான். "நீங்க ஏதாவது...?"

"நான் தொடல்ல. நீ தொட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான். ரொம்ப நேரம் பழத்தைத் தொடாமலே இருந்தான். "உள்ள ஒண்ணும் இருக்காது, மைனி. வெறும் கூடாக்கும். தன் தூளு பிடிக்காது."

"தூக்கிப் பாரு."

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். அவனுடைய கை கொஞ்சம் தாழ்ந்தது. வெட்டுக்கத்தியை எடுத்துவந்து, அதைத் தரையில் வைத்து, நடுவே அறுத்தான். விளிம்புவரைக்கும் நிறைந்திருந்தது. விதை கொள்ளாமல் சாறு பொங்கி, அவன் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மஞ்சளாக வழிந்து, மணிக்கட்டுவரை இறங்கியது.

உப்பு எடுத்துவர அவன் எழவில்லை. ஒரு பாதியை அவள் பக்கம் நகர்த்தினான். மற்றப் பாதியை எடுக்கவில்லை.

திரும்பிப் போகும்போது பாலத்தின் நடுவில் நின்று ராஜபாய் ஒருமுறை பார்த்தாள். ராஜதாஸ் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். சாறு காய்ந்த வலது கையைத் துடைக்காமல், மேலே படாமல், தனியாக நீட்டி வைத்திருந்தான்.